பிள்ளையைக் கேட்டது அந்தத் தாள்தான்!

நடுவர் அவர்களே, அனல் பறக்கப் பேசிவிட்டு இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுக்கப் பெரிதும் வழிகாட்டுவது பெற்றோரின் அனுபவமா, ஆர்வத்தை அறியும் கேள்வித்தாளா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் கேட்டாங்க: "பெத்தவளுக்குத் தெரியாததா ஒரு பேப்பருக்குத் தெரிஞ்சிடும்?" நீங்களும் கைதட்டினீங்க. சரி, தெரியும்னு சொல்றீங்களே, பிள்ளையை ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? பெயர் வைக்கிறதுக்கு முன்னாடியே 'டாக்டர்'னு போர்டு எழுதிட்டோமேய்யா! (சிரிப்பு)

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிராங்க் பார்சன்ஸ் என்று ஒருவர். 1908-இல் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்ட ஓர் அலுவலகமே திறந்தார். அவர் சொன்னது மூன்றே படி. உன்னைத் தெரிந்துகொள், வேலையைத் தெரிந்துகொள், இரண்டும் பொருந்துமா என்று யோசி. நம் வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று 52-ஆம் அதிகாரம் வைத்தாரே என்பீர்கள். அது வேலை கொடுக்கிறவன் ஆளைத் தெரிந்துகொள்வதற்கு. பையன் தன்னையே தெரிந்துகொள்ள என்ன வழி? 1959-இல் ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் ஆறு வகை பிரித்தார். கருவியைக் கையில் எடுக்கிறவர், 'ஏன், எப்படி' என்று துருவுகிறவர், கலையில் மனம் போகிறவர், பிறருக்குக் கற்பித்துத் துணை நிற்கிறவர், பேசி ஆளை இழுக்கிறவர் (மேடையில் இருக்கிற ஆறு பேரும் இதிலே அடக்கம்!), கணக்கும் ஏடும் ஒழுங்காக வைக்கிறவர். ஒரே ஆளுக்குள் இரண்டு மூன்று கலந்திருக்கும் என்பதும் அவர் கணக்குத்தான்.

குறை இல்லையா? இருக்கு, மறைக்கலை. ஸ்ட்ராங் என்பவரின் ஆர்வத் தேர்வு 1927-இல் வந்தது. அதிலே ஆணுக்கு ஒரு தாள், பெண்ணுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக வைத்திருந்து, 1974-இல்தான் ஒன்றாக்கினார்கள். இன்னொன்று, இந்தத் தாள் ஆர்வத்தை அளக்கும், திறமையை அளக்காது. பொய்யாக எழுதினால் பொய்யைத்தான் திருப்பிச் சொல்லும்.

அதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். என் மகள் பத்தாவது படிக்கும்போது பள்ளியில் இப்படி ஒரு தாள் கொடுத்தார்கள். 'பழுதான இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்கப் பிடிக்குமா?' என்று ஒரு கேள்வி. 'ஆம்' என்று குறித்து, ரப்பர் போட்டு அழித்து, 'இல்லை' என்று குறித்திருக்கிறாள். பென்சில் தடம் போகவில்லை. ஏம்மா என்றேன். "மிக்சியைக் கழற்றினதுக்குத் திட்டினீங்களேப்பா, தமிழ் வாத்தியார் பொண்ணு செய்யிற வேலையான்னு."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கேள்வித்தாள் தயாரிச்சவன் நான். என் பிள்ளை ஒரு தாளுக்குக்கூட அப்பாவுக்குப் பயந்து பதில் எழுதியிருக்கு. "நான் வெளியே போறேன், நீ மறுபடி எழுதும்மா"ன்னு சொல்லிட்டுத் திண்ணைக்கு வந்துட்டேன்.

மணி அடிக்கிறீங்க நடுவரே, முடிச்சிடறேன். இயந்திரவியல் படிச்சு, இப்போ ஓசூரில் வேலை பார்க்கிறா. பொங்கலுக்கு வந்தவ அதே மிக்சியைக் கழற்றிச் சரிபண்ணி வெச்சுட்டுப் போனா. அதிலே அரைச்ச சட்னியைச் சாப்பிட்டுட்டுத்தான் இங்கே வந்து நிக்கிறேன். வணக்கம். (கைதட்டல்)