பழைய கப்பல்களின் லாக் புத்தகமும் நம் கையில் இருக்கிற போனும்



மழைக்காலம் வந்துட்டா நாம எல்லாரும் போனில் தேடிப் பார்க்கிற சொல் எது? காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். வங்கக் கடலில் எங்கே இருக்கு, எந்தப் பக்கம் நகருது, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா? இதையெல்லாம் பார்த்துச் சொல்ல இன்றைக்குச் செயற்கைக்கோள் இருக்கிறது. முதல் வானிலைச் செயற்கைக்கோள் 1960-இல்தான் மேலே போனது. அதற்கு முன்னால் நிலத்தில் ஆங்காங்கே வானிலை நிலையங்கள் இருந்தன. நடுக்கடலில் இருந்தது யார்? கப்பல்காரர்கள்தான்.

ஒவ்வொரு கப்பலிலும் ஒரு லாக் புத்தகம் இருக்கும். 'லாக்' என்றால் மரக்கட்டை. முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் வீசி, எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கணக்கை எழுதின நோட்டுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. வேகத்தோடு காற்றின் திசை, அதன் பலம், காற்றழுத்தமானியின் அளவு, வெப்பநிலை எல்லாம் அதில் ஏறும். பிரிட்டிஷ் கடற்படையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நள்ளிரவானாலும் சரி, கப்பல் ஆடினாலும் சரி.

வானத்தின் நிலைமைக்கு ஓரெழுத்துக் குறிகள் இருந்தன. 'பி' என்றால் நீல வானம், 'ஆர்' என்றால் மழை. எனக்குப் பிடித்தது 'யூ'. வானத்தின் முகமே சரியில்லை, ஏதோ வரப்போகிறது என்று பொருள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்த நம்ம மீனவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த நோட்டுகள் ஆவணக் காப்பகங்களில் அப்படியே கிடந்தன. படம் எடுத்துவிடலாம். ஆனால் படத்தில் இருக்கிற கையெழுத்தைக் கம்ப்யூட்டர் எண்ணாக மாற்ற வேண்டுமே? மை பரவியிருக்கும், ஒருத்தர் கையெழுத்து இன்னொருத்தருடையது மாதிரி இருக்காது. அதனால் 2010 அக்டோபரில் ஜூனிவர்ஸ் என்ற இணையதளத்தில் 'ஓல்ட் வெதர்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிரிட்டனின் வானிலைத் துறை, தேசிய ஆவணக் காப்பகம் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. முதல் உலகப் போர்க் காலத்துக் கடற்படைக் கப்பல்களின் பக்கங்களைத் திரையில் போட்டு, பொதுமக்களைப் பார்த்து, "இதைப் படித்துத் தட்டச்சு செய்து தர முடியுமா?" என்று கேட்டார்கள். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். சுமார் 16 லட்சம் வானிலைப் பதிவுகள் கிடைத்தன. சம்பளம் கிடையாது. ஒரு கப்பலின் பக்கங்களை அதிகமாகச் செய்தவருக்கு அந்தக் கப்பலின் 'கேப்டன்' என்ற பட்டம் உண்டு, அவ்வளவுதான். அதற்குப் பெரிய போட்டியே நடந்தது!

நானும் கொஞ்சம் செய்திருக்கிறேன். கேப்டன் ஆகவில்லை. நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் காற்றழுத்தம் 29.17 அங்குலம் என்று எழுதியிருந்தது. நான் அதை 29.77 என்று அடித்துவிட்டேன். ஒன்றும் ஏழும் அந்தக் கையெழுத்தில் அண்ணன் தம்பி மாதிரி. 29.77 என்றால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லாத நாள். 29.17 என்றால் பலமான தாழ்வு, அந்தக் கப்பல் புயலில் மாட்டியிருக்கலாம். ஒரே எண்ணில் ஒரு புயலையே நான் அழித்துவிட்டேன்! மேலும் கீழும் இருந்த வரிகளைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அழுத்தம் படிப்படியாக இறங்கிக்கொண்டு வந்தது. நல்ல வேளை, அங்கே ஒரே பக்கத்தை மூன்று பேர் தனித்தனியாகப் படிப்பார்கள். இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போனால் அதை எடுத்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் திட்டுவதில்லை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சண்டையைத் தேடுவார்கள். இயல்புதான். 1914 செப்டம்பரில் எம்டன் சென்னையில் குண்டு போட்ட கதை நமக்குத் தெரியும், இன்றைக்கும் ஆளை 'எம்டன்' என்கிறோம். அந்த ஆண்டுகளில் இந்தியப் பெருங்கடலில் ரோந்து சுற்றிய கப்பல்களின் நோட்டுகளும் இதில் இருக்கின்றன. ஆனால் விஞ்ஞானிக்கு வேண்டியது குண்டு போட்ட நாள் மட்டுமல்ல. ஒன்றுமே நடக்காத நாள், 'காற்று லேசு, வானம் தெளிவு' என்று முடிந்துபோன நாள், அதுவும் அவருக்குச் சமமாக வேண்டும். பழைய காற்றழுத்த அளவுகளை வைத்து, அந்தந்த நாளில் உலகம் முழுவதும் வானிலை எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டரில் திரும்பக் கட்டுகிறார்கள். நடுக்கடலில் ஒரே ஒரு அளவு இருந்தாலும் அந்தப் படத்தில் ஒரு ஓட்டை அடைபடும்.

அமெரிக்கக் கப்பல்களின் நோட்டுகள் பிறகு வந்தன. அதில் 'ஜீனெட்'டின் கதையைச் சொல்லியே ஆகணும். 1879 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வடதுருவத்தை நோக்கிக் கிளம்பிய கப்பல். செப்டம்பரில் பனியில் சிக்கியது. இருபத்தொரு மாதம் பனி இழுத்த பக்கமெல்லாம் போனது. போகுமிடம் தெரியாத அந்தக் காலம் முழுக்க, வெப்பம், அழுத்தம், காற்று என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1881 ஜூனில் பனி நெருக்கிக் கப்பல் மூழ்கியது. 33 பேர் படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டு நடந்தார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாதபோதும் கேப்டன் டி லாங் லாக் புத்தகங்களை விடவில்லை. சைபீரியாவின் லீனா ஆற்றுக் கழிமுகத்தில் பசியிலும் குளிரிலும் அவர் இறந்துபோனார். உயிர் தப்பியவர்கள் 13 பேர். அவர்களில் ஒருவரான தலைமைப் பொறியாளர் மெல்வில் தேடிப் போய் அந்தப் புத்தகங்களை மீட்டார். 1880-இல் அந்த இடத்தில் பனி எப்படி இருந்தது என்று கேட்டால், அங்கேயே நின்று பார்த்தவர்களின் எழுத்து இருக்கிறது. அதை வரி வரியாகப் படித்து எண்ணாக்கியவர்கள் நம்மைப் போல வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இனி நடைமுறை. கடற்படைப் பகுதி முடிந்துவிட்டது, ஆனால் ஜூனிவர்ஸில் பழைய பதிவேடுகளைப் படிக்கிற வேறு வேலைகள் அவ்வப்போது வரும். ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டியதில்லை, எண்களும் சில எழுத்துகளும் படிக்கத் தெரிந்தால் போதும். போனைப் படுக்கையாகத் திருப்பிப் பிடியுங்க. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்க. கம்ப்யூட்டர் இருந்தால் இன்னும் நல்லது. பணம், வங்கி விவரம், ஓடிபி எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது வேறு யாரோ, உடனே வெளியே வந்துவிடுங்க. படிக்க முடியாத எண்ணை ஊகித்து அடிக்காதீங்க, விட்டுவிடுங்க. உங்களுக்குப் புரியாதது அடுத்தவருக்குப் புரியலாம்.

இப்போ திரையில் ஒரு பக்கம் போடுகிறேன். இடது ஓரத்தில் நேரம் இருக்கும் பாருங்க. காலை நான்கு மணி வரியில் இருந்து ஆரம்பிப்போம். முதல் எண் என்னவென்று மூன்று பேர் தனித்தனியாக எழுதிக் காட்டுங்க.