கைவிடப்பட்ட கற்குழிகளும் கைவிடலாகா நீரும்



பல்லாவரம் என்றவுடன் தமிழ் நெஞ்சங்கட்கு மறைமலையடிகளாரின் நினைவே முதற்கண் எழும். 1916-இல் தனித்தமிழ்க் கொள்கை முளைத்த மண் அது. அம் மண்ணுக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1863 மே 30-ஆம் நாள், நிலவியல் அளவைத் துறையினரான இராபர்ட்டு புரூசு பூட்டு, அவ்வூரில் செம்புறைச் சரளை தோண்டிய குழியொன்றில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்நாட்டின் பழங்கற்கால ஆய்வே அக் குழியிலிருந்துதான் தொடங்கிற்று. குழிதானே என்று எதனையும் இகழ்தற்கில்லை!

சரளைக்குப் பின் பாறையும் போயிற்று. பல்லாவரம், திரிசூலம், பம்மல், கீழ்க்கட்டளை, எருமையூர் எனத் தென்சென்னைப் புறத்தே நின்ற குன்றுகள் சென்னையின் சாலைகளும் கட்டடங்களும் ஆயின. குன்று நின்ற இடத்தில் குழி. குழியில் மழைநீரும் ஊற்றுநீரும். கல் தீர்ந்ததும் உடைத்தவர் அகன்றனர். நீர் நின்றது.

அந் நீரின் அருமையை வறட்சியே உணர்த்திற்று. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மறு கோடையில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கற்குழிகளிலிருந்து நீரிறைத்து, செம்பரம்பாக்கத்தில் தூய்மைப்படுத்திச் சென்னைக்கு வழங்கினர். 2019-இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது மீண்டும் அக் குழிகளே கைகொடுத்தன. அவ்வாண்டு சூலைத் திங்களில் சோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் வந்ததை நாடே பேசிற்று. ஒரு வண்டி நீர் 25 இலக்கம் இலிட்டர். கற்குழி தந்ததோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கோடி இலிட்டர். பன்னிரண்டு வண்டி நீர்! அதனைப் பேசியவர் எத்தனை பேர்?

எனினும் குழி வேறு, ஏரி வேறு. முன்னோர் ஏரி கண்ட திறத்தை எண்ணுக. நீர் வர வரத்துக்கால், நிற்கக் கரை, வயலுக்குச் செல்ல மதகு, மிகைநீர் வழியக் கலங்கல், அக் கலங்கல் நீரை ஏற்க அடுத்த ஏரி. செம்பாக்கத்து நீர் நன்மங்கலத்திற்கும், ஆங்கிருந்து கீழ்க்கட்டளைக்கும், நாராயணபுரத்திற்கும், ஈற்றில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கும் சென்றதன் பொருள் அதுவே. கற்குழிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. தலைமேல் விழும் மழையும் பாறை வெடிப்பில் கசியும் நீருமே அதன் வரத்து. 2015 திசம்பரில் முடிச்சூரும் வரதராசபுரமும் வெள்ளத்தில் மிதந்தன. ஓடிய நீரை ஏற்கும் வாய்க்கால் எத்தனை குழிகளுக்கு இருந்தது?

மற்றொரு குறை உயிரைப் பற்றியது. குழியின் சுவர் செங்குத்தானது; ஓரத்திலேயே ஆழம். குளிக்க இறங்கிய இளைஞர் பலர் கரையேறப் பிடிப்பின்றி மாண்டனர். கோரைக்கு வேரூன்ற இடமில்லை. நாரைக்கும் கொக்குக்கும் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கச் சுவரையேனும் படிப்படியாகச் சரித்து, கழிகல்லும் மண்ணும் இட்டு முழங்காலளவு நீர்த்திட்டு அமைத்தால் மூன்றுக்கும் வழி பிறக்கும். வரத்துக்காலின் வாயில் வண்டல் படியச் சிறு குட்டையொன்று வேண்டும். சாய்க்கடை நீரை அதனுள் விடலே ஆகாது; வழிந்தோட வழியில்லாக் குழியில் புகுந்த அழுக்கு அங்கேயே தங்கும்.

இஃது ஆகாத செயலன்று. நன்மங்கலக் காப்புக்காட்டின் நடுவே கைவிட்ட கற்குழி நீர்நிலையாகி நிற்கின்றது. அதன் பாறையிடுக்குகளில் கொம்பன் ஆந்தை வாழ்கின்றது. ஆங்குக் காடென்னும் காவல் இருந்தது. காவலில்லா இடத்தில் நேர்வதனைப் பெருங்குடி காட்டும். பள்ளிக்கரணைச் சதுப்பிலேயே குப்பையை மலையாகக் குவித்தனர். 2022-இல் அச் சதுப்பு இராம்சார் பட்டியலில் உலகச் சிறப்புடைய நீர்நிலமாக ஏறிய பின்னும் அம் மலையை அகழ்ந்து அகற்றும் வேலை நீண்டது. குப்பை கொட்டுவோர் கண்ணுக்குக் கற்குழி மிக வாய்ப்பான இடம்.

எனவே பெயரிலிருந்தே தொடங்குதல் வேண்டும். வருவாய்த்துறை ஏட்டில் 'கல்லாங்குத்து' என்றோ 'குவாரி' என்றோ எழுதியிருக்கும் வரை அந் நிலம் கல்லுக்குரியது. கல் தீர்ந்தால் எதற்கும் உரியதன்று. 'நீர்நிலை' என்று எழுதினாலோ அதனைத் தூர்க்க வருபவன் விடை சொல்லியாதல் வேண்டும். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாகிப் பல்லாவரமும் பம்மலும் செம்பாக்கமும் ஒரே ஆட்சிக்குள் வந்தன. அதன் எல்லைக் குழிகளையெல்லாம் ஆழமும் பரப்பும் அளந்து, எந்த ஏரியின் கலங்கலுக்கு எந்தக் குழி அண்மையது என்று குறித்து ஒரு பட்டியல் கேட்டல் குடிமக்கள் உரிமை. வாய்க்கால் வெட்டுவதாயின் கோடையில் வெட்டியாதல் வேண்டும். ஐப்பசியில் மழை வந்துவிடும்.