தப்பிப் போகும் பெட்ரோல்

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ பெட்ரோல் பங்கில் நம் மூக்கில் ஏறும் நெடியும் பெட்ரோல்தான். அந்த ஆவியில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

தண்டையார்பேட்டைக் கிடங்கில் 12,000 லிட்டர் டேங்கர் லாரி நிரம்பும்போது, உள்ளிருந்த ஏறத்தாழ அதே கொள்ளளவு ஆவிக்காற்று வெளியே தள்ளப்படும். நமக்குப் பெட்ரோல், சுற்றி வாழும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஆவியா?

ஆவி மீட்பு அமைப்பு இருந்தால், அந்த ஆவி கிளர்வுற்ற கரியில் சிக்கும். வெற்றிடப் பம்பு அதை உறிஞ்சியெடுக்க, மீண்டும் பெட்ரோலில் கரையும். மேல்நிலை வேதியியலின் பரப்புக் கவர்தல் இதுவே. நாமோ வரையறையோடு நிறுத்திவிடுகிறோம்!

பங்கில் லாரி பெட்ரோல் இறக்கும்போது, எட்ட நின்று மாணவர்கள் குழாய்களை எண்ணட்டும். இரண்டு வேண்டும்: ஒன்றில் பெட்ரோல் இறங்கும், மற்றொன்றில் தொட்டியின் ஆவி லாரிக்கே திரும்பி, கிடங்குக்குப் போகும்.