வைத்தியத்தின் நான்காம் உறுப்பு
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவில் சில சொற் கூறுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். தமிழ்ப் பண்டிதர் ஆதலின் காவியம் ஒன்றைப் பற்றிப் பேசுவோம் என்று பலரும் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்டதோ ஒரு வைத்தியசாலையின் வரலாறு. அதன் காரணம் இறுதியில் விளங்கும்.

வள்ளுவப் பெருந்தகையார் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, வைத்தியம் நான்கு உறுப்புடையது என வகுத்தனர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என்பன அந்நான்குமாம். ஒன்று குறையினும் வைத்தியம் நிரம்பாது. முதல் மூன்றையும் நாம் போற்றுகின்றோம். நான்காவதை மட்டும் இழிதொழில் என ஒதுக்குகின்றோம். இஃது எத்துணைப் பெரிய பிழை என்பதை அமெரிக்க தேசத்துப் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையின் வரலாறு தெளிவுறக் காட்டும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்பார் 1795-ஆம் ஆண்டில் பிறந்த வணிகர். இளமையிலேயே பள்ளிப் படிப்பை விடுத்து, உறவினர் ஒருவரது மளிகை வாணிகத்தில் தொழில் பயின்று, இருப்புப்பாதைக் கம்பெனியிலும் பங்குகொண்டு பெரும்பொருள் ஈட்டினார். மணம் செய்துகொண்டிலர். 1873-இல் அவர் காலமானபோது, 70 லட்சம் டாலர் ஒரு சர்வகலாசாலைக்கும் ஒரு வைத்தியசாலைக்கும் சரிபாதியாகச் சேருமாறு எழுதி வைத்திருந்தார். வைத்தியசாலை பின்னர்த் தோன்றும் வைத்தியக் கல்லூரியோடு ஒன்றியிருத்தல் வேண்டும் என்பதும், ஏழை நோயாளரை ஆண் பெண் என்றும் வயது என்றும் நிறம் என்றும் வேற்றுமை பாராது ஏற்றல் வேண்டும் என்பதும் அவர் தம் தர்மகர்த்தர்களுக்கு விதித்தவை.

வைத்தியசாலை 1889-இல் திறக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே தாதியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கிற்று. கல்லூரி தொடங்கவோ பொருள் போதவில்லை. அப்போது மேரி எலிசபெத் காரெட் என்னும் பெருமாட்டியார் முன்வந்து, பெண்களை ஆண்களோடு ஒப்பச் சேர்த்தல் வேண்டும் என்னும் நிபந்தனையுடன் பெருநிதி வழங்கினார். 1893-இல் சேர்ந்த முதல் வகுப்பினர் பதினெண்மருள் மூவர் பெண்கள். வில்லியம் ஆஸ்லர் என்னும் ஆசிரியர், மாணவரை ஏட்டளவில் நிறுத்தாது நோயாளியின் படுக்கையருகே அழைத்துச் சென்று கற்பித்தார்.

இன்று இவ்வறநிலையம் ஆறு வைத்தியசாலைகளாகப் பரந்து, தலைநகராகிய வாஷிங்டனிலும் தென்கோடியிலுள்ள பிளோரிடாவிலும் கிளை கொண்டுள்ளது. இஃது இலாபம் நோக்காத நிலையம் என்பர். இதனால் அங்கே கட்டணம் இல்லை என்று கருதற்க. கட்டணம் உண்டு. ஆயினும் மிஞ்சும் பொருளைப் பங்கிட்டுக்கொள்ளும் முதலாளிகள் இலர். மிகுதி யாவும் சிகிச்சைக்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமே மீளும்.

இனி அதன் குறையையும் கூறுதல் வேண்டும். நிறவேற்றுமை கூடாது என்று நிறுவனர் விதித்தும், கருநிறத்தார்க்கு நெடுங்காலம் தனிக் கூடங்களே இருந்தன. நிறுவனர் வீட்டிலேயே அடிமைகள் இருந்ததாகப் பழைய குடிக்கணக்கு கூறுகின்றது என 2020-இல் அச்சர்வகலாசாலையே வெளியிட்டது. அதுபற்றி ஆராய்ச்சியாளர் மாறுபடுகின்றனர். 1951-இல் அங்கே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கருநிறத்துத் தாயின் உயிரணுக்கள், அவர் அறியாமலே எடுக்கப்பெற்று உலகெங்கும் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன. ஏட்டில் எழுதிய அறம் மனத்தில் எழுதப்படாவிடின் விளைவது இதுவே.

அத்தகைய இடத்திலேதான் விவியன் தாமஸ் என்பார் பணிபுரிந்தார். 1910-இல் பிறந்த இவரும் கருநிறத்தவர், தச்சுத்தொழில் அறிந்தவர். கல்லூரிக்கெனச் சேர்த்த பணம் பாங்கி முறிந்து போயிற்று. ஆல்பிரெட் பிளாலாக் என்னும் இரண வைத்தியரின் ஆராய்ச்சிச் சாலையில் உதவியாளராய் அமர்ந்து, 1941-இல் அவருடன் பால்டிமோர் வந்தார். பிறவியிலேயே இருதயக் குறையால் உடல் நீலம் பாரித்து மாயும் குழந்தைகளைக் காக்க வழியுண்டு என்று ஹெலன் டாஸிக் என்னும் பெண் வைத்தியர் கருதினார். அவ்வழியை நாய்களிடத்துப் பன்முறை சோதித்து, சிகிச்சை முறையைக் கைவரச் செய்தவர் தாமஸ். 1944 நவம்பர் 29-இல் ஒரு சிறு பெண் குழந்தைக்கு அச்சிகிச்சையைப் பிளாலாக் முதன்முறை செய்தபோது, பின்னே ஒரு முக்காலியின் மேல் நின்று ஒவ்வொரு நிலையிலும் அவருக்கு வழிகூறியவர் இவரே. அம்முறைக்கு இட்ட பெயரிலோ பிளாலாக், டாஸிக் இருவர் மட்டுமே விளங்கினர். 1976-இல்தான் சர்வகலாசாலை தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்துப் போற்றிற்று. நான்காம் உறுப்பை மதிக்க அவர்களுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

நமக்கு எத்தனை ஆண்டுகள் செல்லும், பெரியோர்களே?

எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, நம் குலத்தவளே, தாதியர் பயிற்சிக்குச் செல்ல விரும்பினாள். இடமும் கிடைத்தது. பிறர் மலசலம் எடுக்கும் வேலை நம் குலப்பெண்ணுக்கு அடாது என்று அவள் பாட்டனார் மறுத்துவிட்டார். அவ்வுரை நிகழ்ந்தபோது யாமும் அவ்வீட்டுத் திண்ணையில் இருந்தோம். பெரியவர் சொல்லை மறுத்தல் கூடாதென்று வாளா இருந்துவிட்டோம். சில திங்களில் அப்பெரியவரே நோயுற்றுப் படுத்தார். ஓர் அந்நியப் பெண் அவரை இரவெல்லாம் விழித்திருந்து புரட்டிக் கிடத்தியும், வாய் நனைத்தும் காத்தாள். அவளது குலத்தை அவர் வினவவில்லை. எழுந்து அமர்ந்ததும் எம் கையைப் பற்றிக்கொண்டு, "வாத்தியார் ஐயா, நம் பெண் குழந்தையைத் தடுத்துவிட்டேனே!" என்று கலங்கினார். அதற்குள் அவ்வாண்டின் சேர்க்கை முடிந்து போயிற்று. அன்று வாய் திறவாத குற்றம் எம்முடையதும் ஆகும். அதனை நீக்கவே இன்று பேசுகின்றோம்.

ஆறு வைத்தியசாலைகள் கட்ட நம்மால் இயலாது. ஆயின் நம் கல்வி நிதியில் ஒரு பகுதியைத் தாதியர் கல்விக்கும் பரிசோதனைச்சாலைப் பயிற்சிக்கும் ஒதுக்க இயலும். டாக்டர் படிப்புக்கு மட்டுமே உதவித்தொகை என்னும் நம் விதியை இம்மகாசபை இன்றே திருத்துமாறு வேண்டுகின்றோம். முதல் விண்ணப்பம் அப்பெண்ணினுடையது. அதிற் கையொப்பமிட்டிருப்பவர் அவள் பாட்டனார். அவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார்.