அரையால் வகுக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, பஞ்சப்படி, நிலம் என்று பேச வேண்டிய மேடையில், வாத்தியார்களுக்குக் கணக்குப் பயிற்சி கொடுப்பதைப் பற்றி இவன் ஏன் பேசுகிறான் என்று சிலர் நினைக்கக்கூடும். பணக்காரன் பிள்ளைக்குப் பள்ளியில் விளங்காவிட்டால் ட்யூஷன் வாத்தியார் வீடு தேடி வருவார். நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியாரை விட்டால் வேறு கதியில்லை. ஆகவே அவர் எப்படித் தயாராகிறார் என்பது நம்முடைய பிரச்னையே.

ஒரு கணக்கு. ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் எவ்வளவு? லிபிங் மா என்ற சீனப் பெண்மணி 1999ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இந்தக் கணக்கு வருகிறது. கலாசாரப் புரட்சிக் காலத்தில், எட்டாம் வகுப்புப் படிப்போடு ஷாங்காயிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஆசிரியையானவர் அவர். பிறகு அமெரிக்கா சென்று உயர்கல்வி பெற்றார்.

அமெரிக்காவின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 23 பேர். எல்லோரும் காலேஜ் படித்தவர்கள். கணக்கைப் போட்டுப் பார்த்த 21 பேரில் சரியான விடையை முழுமையாகத் தந்தவர் 9 பேர். இதை விளக்க ஒரு கதை சொல்லுங்கள் என்றபோது, பொருள் பிசகாமல் சொன்னவர் ஒரே ஒருவர்! பலர் அரையால் வகுப்பதை இரண்டாகப் பங்கிடுவது என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சீன ஆசிரியர்கள் 72 பேர். ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று வருடப் பயிற்சி பெற்றவர்கள். அத்தனை பேரும் விடை சொன்னார்கள். கதையும் சரியாகச் சொன்னவர்கள் 65 பேர்.

நம் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். ஒன்றே முக்கால் படி அரிசியை அரைப்படியாக அளந்தால் எத்தனை தடவை? ஒரு படிக்கு இரண்டு தடவை, முக்கால் படிக்கு ஒன்றரை, ஆக மூன்றரை. "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறார்களே, அதன் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒரு படியில் இரண்டு அரைப்படி இருப்பதால்தான் இரண்டால் பெருக்குகிறோம். அரைப்படியின் கனம் நமக்குத் தெரியாதா? கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டுப் போராடிய வெண்மணியில்தானே 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்களை நெருப்பில் பொசுக்கினார்கள்!

சீனா என்றதும் சிலர் கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஐந்து பள்ளிகளின் ஆசிரியர்களை வைத்து ஒரு தேசம் முழுவதையும் எடைபோட முடியாது. பயிற்சி முடித்த அன்றே அந்த ஆழம் அவர்களுக்கும் வந்துவிடவில்லை என்று மா அம்மையாரே எழுதுகிறார். வேலைக்குச் சேர்ந்த பிறகு, கணக்கு ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து பாடப்புத்தகத்தை வரிவரியாக அலசினார்கள். எந்த இடத்தில் பிள்ளை தடுமாறும், எந்த உதாரணம் முதலில் வர வேண்டும் என்று விவாதித்தார்கள். அதற்கு அவர்களுக்கு நேரம் இருந்தது. அமெரிக்க ஆசிரியரோ நாள் முழுதும் எல்லாப் பாடமும் நடத்தி ஓய்ந்துபோனார்.

நம் நாட்டில்? இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் சுமக்கிற பள்ளிகள் உங்கள் ஊரிலேயே இருக்கலாம். ஆசிரியர் பயிற்சி நிலையங்களில் பெரும்பகுதி தனியார் கையில் இருப்பதை 2012ல் நீதிபதி வர்மா கமிஷன் எடுத்துச் சொன்னது. பணம் கட்டிச் சர்ட்டிபிகேட் வாங்குகிற கடையாகப் பயிற்சி நிலையம் மாறினால், அங்கே படியும் மரக்காலும் வைத்து யார் சொல்லிக் கொடுப்பார்கள்? இந்த நிலைமையில் வாத்தியாரை மட்டும் திட்டுவது அநியாயம். அவரும் மாதச் சம்பளத்துக்கு உழைக்கிற ஆள்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்குப் போங்கள். கூலி போனாலும் முறை வைத்துப் போங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், ஆசிரியர்கள் கூடிப் பாடம் தயாரிக்க வாரத்தில் நேரம் ஒதுக்க வேண்டும், சர்க்கார் பயிற்சி நிலையங்களில் காலியிடங்களை நிரப்ப வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.