பல துறைக் கல்வியும் கல்லூரித் தேர்வும்

(மேனிலைத் தேர்வு முடித்த மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றிய உரை)

 

"பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் ஐயா?" என்று கேட்டு இத்திங்கள் முழுதும் என் வீட்டு வாயிலுக்கு வந்தோர் பலர். முன்பெல்லாம் இவ்வினாவுக்கு விடை எளிது. இயற்பியலை விரும்பியவன் இயற்பியலுக்குப் போனான். வரலாற்றை விரும்பியவள் வரலாற்றுக்குப் போனாள். இன்றோ, "தமிழும் வேண்டும், நிலவியலும் வேண்டும், குமுகவியலும் வேண்டும், கணினியும் வேண்டும்" என்னும் பிள்ளைகள் வந்துவிட்டனர். அவர்களை நான் குறை கூறேன். துறைகளை இணைத்துக் கற்பிக்கும் பட்ட வகுப்புகளும் பெருகிவிட்டன. அவற்றுள் எதனைத் தேர்வது, எங்குத் தேர்வது என்பதே நான் பேச வந்தது.

துறைகள் இணைவதால் விளையும் பயனுக்குக் கீழடியினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. 2015-இல் நடுவணரசின் தொல்லியல் துறை அங்கே அகழத் தொடங்கியது. 2018-இலிருந்து தமிழக அரசின் தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டது. 2019-இல் வெளிவந்த அறிக்கையைப் பாருங்கள். தமிழி எழுத்துகள் பொறித்த 56 பானையோடுகளைப் படித்தவர்கள் எழுத்தறிஞர்கள். கிடைத்த எலும்புகள் எவ்வெவ் விலங்குகளுடையவை என்று கண்டு கூறியது புனேயிலுள்ள தக்காணக் கல்லூரி. பானை வனைந்த மண்ணை ஆய்ந்தவர்கள் வேலூரிலும் இத்தாலி நாட்டுப் பீசாவிலும் இருந்தார்கள். கரியின் அகவையை அளந்தது அமெரிக்க ஆய்வகம் ஒன்று. அங்ஙனம் அளந்தவற்றுள் ஒன்று கி.மு. 580 என வந்தது. இவருள் எவரும் தனித்து அவ்வூரின் வரலாற்றைச் சொல்லியிருக்க முடியாது.

ஆயினும் ஒன்றை நோக்குங்கள். எலும்பை ஆய்ந்தவர் எல்லாவற்றிலும் சிறிது சிறிது நுனிப்புல் மேய்ந்தவரல்லர், எலும்பில் ஆழங்காற்பட்டவர். எழுத்தைப் படித்தவரும் அப்படியே. ஆகவே, பல துறைப் பட்டம் தரும் கல்லூரியை நாடும்போது முதலிற் கேட்க வேண்டுவது இதுதான்: "இங்கே என் பிள்ளைக்கு வேர்த்துறை எது?" ஆறு பருவத்திலும் தொடர்ந்து வரும் பாடம் ஒன்றேனும் இருக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு துறையைத் தொட்டுவிட்டுப் போகும் பாடத்திட்டம் அங்காடித் தெருவில் உலாப் போவதைப் போன்றது. பார்த்தது மிகுதி, வாங்கியது ஒன்றுமில்லை.

இதை நான் நூலிற் படித்துச் சொல்லவில்லை. என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, நெசவாளர் மகள். தமிழில் நல்ல தேர்ச்சி. பழங்காசுகளிலும் கல்வெட்டுகளிலும் தீராத ஆர்வம். மொழி, வரலாறு, பண்பாடு மூன்றையும் இணைத்த பட்டம் என்று வெளியூர்க் கல்லூரி ஒன்று விளக்கஏடு வெளியிட்டிருந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நன்று, சேர்ந்துவிடு அம்மா" என்றவன் நானே. மூன்றாண்டு முடித்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்று, ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள். "இப்பட்டம் தமிழுக்கும் இணையன்று, வரலாற்றுக்கும் இணையன்று" என்று திருப்பிவிட்டார்கள். அவள் என்னை ஒரு சொல்லும் சுடவில்லை. மீண்டும் இளங்கலைத் தமிழில் முதலாண்டு சேர்ந்தாள். அந்த மூன்றாண்டுக்கு அவள் தந்தையார் தறியில் எத்தனை இரவு கண்விழித்திருப்பார் என்பதை எண்ணினால் இன்றும் எனக்கு உறக்கம் வருவதில்லை.

பெற்றோர்களே, பட்டத்தின் பெயர் அணிகலன் அன்று, அது திறவுகோல். எந்தப் பட்டம் எதற்கு இணை, எது இணையன்று என்று நம் மாநில உயர்கல்வித் துறை அரசாணைகள் வெளியிடுகின்றது. ஆசிரியப் பணியோ அரசுப் பணியோ கருதுவோர் அவ்வாணையில் தம் பட்டத்தின் பெயர் உண்டா என்று பார்த்த பின்னரே கட்டணம் செலுத்துக. கல்லூரியார் வாய்ச்சொல்லாக "இணைதான்" என்றால், "எழுத்தில் தருக" என்று கேளுங்கள். கேட்பதற்கு நாணம் எதற்கு? பயிற்றுமொழியையும் அவ்வாறே கேளுங்கள். தமிழ்வழியிற் படித்தோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010 முதல் உண்டு. பள்ளி முழுதும் தமிழில் படித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் ஆங்கிலத்தில் முடிப்பவர், பட்டத் தகுதி கேட்கும் பணிகளில் அவ்வுரிமையை இழப்பர்.

இனி, விருப்பப் பாடங்கள். விளக்கஏட்டில் இருபது இருக்கும். நடப்பது இரண்டாக இருக்கும். ஆசிரியர் இல்லை, மாணவர் போதவில்லை என்று எஞ்சியவற்றை மூடிவிடுவார்கள். எனவே ஏட்டைப் பாராதீர்கள். சென்ற ஆண்டின் வகுப்பு நேர அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரைத் தனியே அழைத்து, "உன் ஆய்வேட்டுக்கு இரு துறையிலிருந்தும் நெறியாளர் உண்டா?" என்று கேளுங்கள். அவர் விழித்தால், அங்கே துறைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன, அவ்வளவே.

புதிதாகத் தொடங்கிய வகுப்பில் முதல் அணியாகச் சேர்வதும் எனக்கு உடன்பாடன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 2013-இல் நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டுவந்து, மறு ஆண்டே கைவிட்டது. சேர்ந்த பிள்ளைகள் நடுவழியில் மூன்றாண்டுத் திட்டத்திற்கு மாற்றப்பட்டனர். 2022-இல் நான்காண்டு மீண்டும் வந்தது. 2020-ஆம் ஆண்டின் நடுவணரசுக் கல்விக் கொள்கை, ஓராண்டில் விலகினால் சான்றிதழ், ஈராண்டில் விலகினால் பட்டயம் என்கிறது. அச்சான்றிதழைக் கொண்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளை எந்த வாயிலைத் தட்டுவது? விலகும் வழியைக் காட்டிக் கல்லூரி உங்களை ஈர்த்தால் ஐயுறுங்கள்.

என்னைக் கேட்டால், இளங்கலையை ஒரு துறையில் ஊன்றிக் கற்று, மேற்படிப்பில் துறைகளை இணைப்பதே நம் பிள்ளைகட்கு ஏற்ற வழி. 1981-இல் தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கலை, சுவடி, வளர்தமிழ், மொழி, அறிவியல் என ஐம்புலங்கள் உள்ளன. ஓலைச்சுவடியும் கடல்சார் தொல்லியலும் ஒரே வளாகத்தில். வேரோடு செல்லும் மாணவனுக்கு அது விருந்து. என் மாணவியும் பின்னர் அவ்வழியையே தேர்ந்தாள்.

விடுதி, கட்டணம், பேருந்து ஆகியவற்றை என்னினும் நீங்களே நன்கறிவீர்கள். பாடத்திட்டப் படிகளைக் கையோடு கொண்டுவந்திருப்போர் எடுத்து வாருங்கள். மாலை ஆறு மணிவரை இவ்விடத்திலேயே இருப்பேன். வேர்த்துறை எது என்று ஒவ்வொன்றாக உடனிருந்து பார்ப்போம்.