“சொன்னார்” என்று சொல்வது எப்படி?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி பணித்தார்கள். என் சொந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, செம்பனைக் குலை அறுக்கையில் அப்பாவுக்குக் கையில் காயம். அது சம்பந்தமாகத் திங்கட்கிழமை ஓர் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பிறகு இன்னொரு கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. வீட்டில் ‘படித்தவன்’ நான்தான். “யுவர் அப்பாய்ன்ட்மென்ட் ஆன் மண்டே ஹாஸ் பீன் புட் ஆஃப்” என்று இருந்தது. ‘மண்டே’ எனக்குத் தெரியும். ‘புட்’ என்றால் வை. “திங்கட்கிழமை வச்சிருக்காங்கப்பா” என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். இரண்டு பஸ் மாறிப் போனோம். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிவைப்பது என்று அங்கேதான் தெரிந்தது. ஒரு நாள் கூலி போயிற்று. திரும்பும்போது அப்பா திட்டவில்லை. “தெரியலன்னா தெரியலன்னு சொல்லு தம்பி, அது தப்பில்ல” என்றார். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

மாணவர்களே, ‘புட்’ தெரியும், ‘ஆஃப்’ தெரியும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் மூன்றாவது பொருள் பிறக்கிறது. இது ஆங்கிலேயர் செய்த சூழ்ச்சி என்று எண்ண வேண்டாம். நம் தமிழிலும் உண்டு. ‘கைவிடு’ என்கிறோம், அங்கே கையைப் பற்றியா பேசுகிறோம்? அதுதான் ‘கிவ் அப்’. ‘கண்டுபிடி’ என்பது ‘ஃபைண்ட் அவுட்’. “தம்பியப் பாத்துக்க” என்று அம்மா சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறாரே, அது ‘லுக் ஆஃப்டர்’. அதே ‘லுக்’ கூட ‘ஃபார்’ சேர்ந்தால் தேடுவது. அகராதியில் பார்ப்பது ‘லுக் அப்’. ஆகவே தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாமல், வாக்கியமாகவே படியுங்கள். இன்னொன்று: “புட் இட் ஆஃப்” என்று ‘இட்’ நடுவில் வரும், “புட் ஆஃப் இட்” என்பது பிழை. ஆனால் “லுக் ஆஃப்டர் ஹிம்” என்பதில் ‘ஹிம்’ கடைசியில்தான் வரும். வாக்கியமாகப் படித்தவனுக்கு இந்தக் குழப்பம் வராது.

அடுத்தது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது. தமிழில் ‘என்று’ போட்டால் போதும். “நாளைக்கு வரேன்னு சொன்னாரு” என்று அவர் வார்த்தையை அப்படியே தூக்கி வைத்துவிடலாம். மலாயிலும் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது. ஆங்கிலம் அப்படியில்லை. திங்கட்கிழமை மேனேஜர் “ஐ வில் கம் டுமாரோ” என்கிறார். அதை நீங்கள் புதன்கிழமை சொல்கிறீர்கள். ‘டுமாரோ’ என்றே சொன்னால் கேட்பவருக்கு அது வியாழக்கிழமை ஆகிவிடும்! அதனால் “ஹி செட் ஹி உட் கம் த நெக்ஸ்ட் டே” என்று மாற்றுகிறோம். ‘ஐ’ ‘ஹி’ ஆயிற்று. ‘வில்’ ‘உட்’ ஆயிற்று. ‘டுமாரோ’ ‘த நெக்ஸ்ட் டே’ ஆயிற்று. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று யோசித்தால் விதி தானே வரும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது போல என்றும் மாறாத உண்மையாக இருந்தால் காலத்தை மாற்றாமலே விடலாம்.

கேள்வியில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். “வேர் டூ யூ லிவ்?” என்று கேட்டதை “ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்” என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே ‘டூ’வுக்கும் ‘டிட்’டுக்கும் இடமில்லை. ‘செட் மீ’ என்றும் எழுதாதீர்கள். ‘டோல்ட் மீ’ என்பதே சரி. கட்டளை வாக்கியம் மட்டும் நமக்குச் சொந்தக்காரன் மாதிரி. “கெட் அப்” என்று அம்மா எழுப்பினால், “ஷி டோல்ட் மீ டு கெட் அப்.” தமிழிலும் ‘எழுந்திருக்கச் சொன்னார்’ என்கிறோம் அல்லவா? இரண்டும் ஒரே அச்சு.

பெற்றோர்களே, “எங்களுக்கு இங்கிலீசு தெரியாதே சார்” என்பீர்கள். தெரிய வேண்டாம். ராத்திரி சாப்பிடும்போது, “இன்னிக்கு டீச்சர் என்ன சொன்னாங்க?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை முதலில் ஆங்கிலத்தில் சொல்லட்டும். பிறகு தமிழில் உங்களுக்கு விளக்கட்டும். தினமும் ஐந்து நிமிடம் போதும். அண்ணன் தங்கை இருந்தால், ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் அதை மூன்றாமவரிடம் போய்ச் சொல்லும் விளையாட்டாகவும் ஆடலாம். மாணவர்கள் வாரத்துக்கு ஐந்து கூட்டுவினைகளைத் தோட்டத்து வாழ்க்கையை வைத்தே வாக்கியமாக எழுதி வாருங்கள். திருத்தித் தர நான் இருக்கிறேன்.

1988-இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. “இனி எதற்குச் சிரமம்?” என்று சிலர் நினைக்கலாம். தேர்வுதான் போயிற்று, வீட்டுக்கு வரும் கடிதங்கள் நிற்கவில்லை. பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் தாய் தகப்பனிடம் சொல்லத் தெரிந்த பிள்ளையே அந்தக் குடும்பத்துக்குத் துணை. தெரியாவிட்டால், என் அப்பா சொன்னதுபோல், தெரியவில்லை என்று சொல்லுங்கள். மறுநாள் பள்ளிக்கு வந்து கேளுங்கள்.

இன்று பரிசு பெறும் செல்வங்களுக்கு வாழ்த்துகள். அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கும் இப்போதே வாழ்த்துகள்.